மேல் வரி

டோல்கேட், தண்டையார்பேட்டை
1933 ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பரசுராமன் எழுதிக்கொண்டது. நான், தாயம்மா, பெண் சிவந்தி மூவரும் சௌக்கியம். சுரங்கத்துத் தூசியில் உனக்கு வந்த இருமல் விட்டதா? பனி போகும்வரை வெந்நீரே குடிக்க வேண்டும் என்று தாயம்மா சொல்லச் சொல்கிறாள்.

கடை முடிவாகிவிட்டது. டோல்கேட் முனையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையைப் பார்த்த கட்டடம். முன்பு வைக்கோல் மண்டியாக இருந்தது. துறைமுகத்துக் கூலிகள், கொருக்குப்பேட்டை ரயில் கிடங்கு ஆட்கள், எண்ணூருக்குப் போகும் வண்டிக்காரர்கள் எல்லாரும் இந்த முனையைக் கடந்துதான் போக வேண்டும். ரங்கூனில் இத்தனை வருஷம் அடுத்தவன் அடுப்பில் சமைத்தேன். கலவரத்தில் கப்பலேறி வந்தபோது கையில் மிஞ்சியது கரண்டி ஒன்றுதான் என்று நீயே சிரித்தாய். இனி இது என் அடுப்பு. அரசிலை சாப்பாட்டு விடுதி என்று பெயர். யார் வந்தாலும் ஒரே பெஞ்சு, ஒரே தம்ளர்.

பெயர்ப் பலகைக்கு நீதான் எழுத்து வரைந்து அனுப்ப வேண்டும். மாரிக்குப்பத்தில் உன் வகுப்புச் சுவரில் பிள்ளைகளுக்காக மாட்டியிருக்கிறாயே, அந்த மாதிரி. இங்கே எல்லாப் பலகையும் ஊதிப்போன எழுத்து, அதற்குச் சிவப்பு நிழல், நிழலுக்கு ஒரு மஞ்சள் கோடு. வண்டியில் போகிறவன் படிப்பதற்குள் அடுத்த கடை வந்துவிடுகிறது.

எழுதப்போகிறவர் ராயபுரத்து ஸ்டானிஸ்லாஸ். படகுகளுக்குப் பேர் எழுதுபவர். “இன்னா பேரு, இன்னா ஆளு? ரெண்டும் சொல்லு நைனா, எழ்திக் குட்த்துடறேன்” என்றார். ஆளா என்று கேட்டேன். “மேல் வரிப்பா! மேல ஆளு, நடுவுல பேரு, கீய சோறு. பிராமணாளு, நாயுடு, நாயரு... எவன் வூட்டு சோறுன்னு தெரியாம எவன் உள்ள வருவான்?” என்றார்.

அவருக்கு என்ன சொல்லட்டும்?

உன் தம்பி
பரசுராமன்

*

மாரிக்குப்பம், தங்கவயல்
1933 ஜனவரி 26

அன்புள்ள தம்பி,

இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன். சிவந்திக்கு என் முத்தம்.

எழுத்துகளைச் சுருட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் முழு அளவில் வரைந்திருக்கிறேன். உன் ஸ்டானிஸ்லாஸ் கோடுகளின் மேல் ஊசியால் துளையிட்டு, பலகையில் வைத்துக் கரித்தூள் தட்டினால் உருவம் அப்படியே இறங்கும். அவருக்குத் தெரிந்திருக்கும். நிழல் போடக் கூடாது என்று மட்டும் சொல். எல்லாக் கோடும் ஒரே தடிமன். எழுத்தின் உள்ளே இருக்கும் வெளியைப் பெரிதாக வைத்திருக்கிறேன். தூரத்தில் அடைத்துக்கொள்வது அந்த இடம்தான். ‘லை’யின் முன்னால் தும்பிக்கை போல வளைவதை நீட்டி, அதன் நுனியில் ஓர் அரச இலை தொங்கவிட்டிருக்கிறேன். படிக்கத் தெரியாத கூலிக்கு அந்த இலைதான் பெயர். அதையே துண்டுக் காகிதத்திலும் தண்ணீர்ப் பானையிலும் போடு. எங்கே பார்த்தாலும் ஒரே இலையாக இருக்கட்டும். அடர்ந்த பச்சையில் வெள்ளை எழுத்து. கடல் காற்றுக்குச் சிவப்பு சீக்கிரம் வெளுக்கும்.

மேல் வரி வேண்டாம். அந்த இடத்தை வெறும் பச்சையாக விடச் சொல். பெயருக்கு மேல் காலியிடம் இருந்தால் பெயர் நன்றாகத் தெரியும். இது எழுத்து வரைகிறவளின் காரணம். மற்றொரு காரணம் உனக்கே தெரியும். அது ஊருக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. இருந்தாலும் விட்டுப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். அடுப்படியில் தாயம்மாவையே நிறுத்திவிடாதே.

அக்கா
பவுனம்மாள்

*

டோல்கேட்
1933 பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். உனக்கு இருமல் குறைய அதிமதுரம் அனுப்பியிருக்கிறேன்.

கடை திறந்துவிட்டேன். நீ வந்து பார்க்க வேண்டும். டோல்கேட்டில் அத்தனை பலகைகளும் கத்துகின்றன, நம்முடையது மட்டும் பேசுகிறது. ஸ்டானிஸ்லாஸ் இறங்கி நின்று பார்த்துவிட்டு, “நாப்பது வருசமா எழ்தறேன், இன்னிக்குதான் படிச்சேன்” என்றார். ஜனங்கள் ‘எலக் கடை’ என்கிறார்கள். நீ கொடுத்த புத்தர் படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

மேல் வரிதான் வேடிக்கை. சாப்பிட வருகிறவன் வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறான். “இன்னா நைனா, மேல காலியா கீது? சுண்ணாம்பு தீந்து பூட்ச்சா?” என்கிறான் ஒருவன். “அவுரு ஆளு இன்னும் பொறக்கல” என்கிறான் பக்கத்தில் இருப்பவன். சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறார்கள். சிலர் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள்.

அடுத்த தெருவில் மரக் கிடங்கு வைத்திருக்கும் சுப்பராய முதலியார் தினமும் வருகிறார். பெரிய மனிதர், இந்த முனையில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து காபி கேட்பார். பலகையைப் பார்ப்பார். போகும்போது, “தம்பி, மேல ஒரு வரி வுட்டுப் போச்சே” என்பார். மரியாதையாகத்தான் சொல்கிறார். தினமும் சொல்கிறார்.

பதில் எழுது.

பரசுராமன்

*

மாரிக்குப்பம்
1933 மார்ச் 3

அன்புள்ள தம்பி,

அதிமதுரம் வந்தது. இருமல் அதைப் பொருட்படுத்தவில்லை.

பலகை நன்றாக அமைந்ததில் சந்தோஷம். சுப்பராய முதலியார் காபி கேட்பார் என்று எழுதியிருந்தாய். அந்தக் காபியை அவர் குடிக்கிறாரா? அதை நீ எழுதவில்லை.

சிவந்தி படிக்கிறாளா?

அக்கா

*

டோல்கேட்
1933 மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக எழுதாததற்குக் கோபிக்காதே. வெயில். தாயம்மாவுக்கு இது நாலாவது மாதம், சோற்று வாசனையே ஆகவில்லை. சோற்றுக் கடையில் இருந்துகொண்டு அது பெரும்பாடு. சிவந்தி படிக்கிறாள். பலகையைப் பார்த்தே ‘அ’ எழுதப் பழகிவிட்டாள்.

வியாபாரம் கொஞ்சம் மந்தம். போன மாதம் யாரோ மேல் வரியின் காலியிடத்தில் படகுக்குப் பூசும் கருங்கீலில் தோய்த்த கையைப் பதித்துவிட்டுப் போனார்கள். ஸ்டானிஸ்லாஸ் பச்சை பூசி மறைத்தார். மறுவாரம் அதே இடத்தில் அதே கை. கட்டைவிரல் கொஞ்சம் கோணல், அதனால் அதே கை என்று தெரிந்தது. மூன்றாம் முறை அவர் மறைக்கவில்லை. “ஒண்ணு எழ்து, இல்லாங்காட்டி எறக்கு. பெயிண்ட் வேஸ்ட்டு” என்றார். ரயில் கிடங்கு ஆட்கள் மொத்தமாக எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள்.

அக்கா, இன்னும் சில எழுத்துகள் தேவைப்படுகின்றன. முன்பு அனுப்பியவற்றில் இவை இல்லை. லி, ர், மு, யா, த. அவசரமில்லை, ஆனால் இந்த மாதத்துக்குள் வந்தால் நல்லது.

உன் உடம்பைக் கவனி.

பரசுராமன்

*

மாரிக்குப்பம்
1933 மே 15

அன்புள்ள தம்பி,

தாயம்மாவுக்கு மாதுளம்பழம் வாங்கிக் கொடு. புளிப்பானவை கேட்டால் மறுக்காதே.

கேட்ட ஐந்து எழுத்துகளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எதற்கு என்று நீ எழுதவில்லை. வரிசையையும் கலைத்து எழுதியிருந்தாய். இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்க்க மேசையில் பரப்பினேன். முதலியார் என்று நின்றன.

ஒரு வாரம் அப்படியே மேசையில் கிடந்தன. கிழித்துப்போடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு அந்தக் கோணல் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. தாயம்மாவின் நாலு மாதமும் ஞாபகம் வந்தது. இங்கே தங்கவயலில் உட்கார்ந்துகொண்டு உன்னைத் தைரியமாக இரு என்று சொல்வது எனக்குச் சுலபம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எழுத்தை எழுதுகிறவன் ஒருமுறை எழுதிவிட்டு இறங்கிவிடுவான். அதன் கீழே உட்கார்ந்திருக்கிறவன்தான் அதைத் தினமும் சொல்ல வேண்டியிருக்கும்.

அக்கா

*

டோல்கேட்
1933 ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாயம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள்.

நீ நினைக்கிறபடி ஒன்றும் நடக்கவில்லை. கடையில் உட்கார இடமில்லை. மேல் வரி எழுதிய மறுநாளே சுப்பராய முதலியார் உள்ளே வந்து, நடு பெஞ்சில் உட்கார்ந்து, காபியை ஒரே மூச்சில் குடித்தார். “இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நம்ம புள்ள, வெக்கப்பட்டுகினு இருந்திருக்கான்” என்று தோளில் தட்டினார். இப்போது தினமும் இரண்டு பேரையாவது அழைத்து வருகிறார். எல்லாருக்கும் “நம்மாளு” என்று சொல்கிறார். சிவந்திக்குப் பாவாடைத் துணி கொடுத்தார். தாயம்மாவைத் தங்கச்சி என்கிறார். பிள்ளை பிறந்தால் பேர் வைக்க முதலியார் சங்கத்திலிருந்து வருவார்களாம். கல்லாவுக்கு மேல் இப்போது நாள்காட்டி மாட்டியிருக்கிறேன்.

நாம் வளர்ந்த புளியந்தோப்பிலிருந்து ஒருவர் வந்தார். சின்ன வயதில் என்னோடு கோலி ஆடியவர். பார்த்ததும் தெரிந்துகொண்டார். நானும் தெரிந்துகொண்டேன். மெதுவாகச் சாப்பிட்டு, கை கழுவி, வாசலில் நின்று, “சோறு சோக்கா கீது, மொதலியாரே!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எல்லாரும் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி கடிதத்தைப் பள்ளிக்கூட உறையில் போடாதே அக்கா. பௌத்த சங்கப் பள்ளிக்கூடம் என்று பெரிதாக முத்திரை இருக்கிறது. அங்கே இருப்பது நம் ஜனம் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். போன கடிதம் கல்லாவில் கிடந்தது. சுப்பராயர் அதை எடுத்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

ஆவணியில் சங்கத்து விருந்து நம் கடையில் நடக்கிறது. கூட்டமாக இருக்கும். நீ இப்போது வர வேண்டாம். பிறகு வா.

பரசுராமன்

*

தண்டையார்பேட்டை
1933 ஆகஸ்டு 17

மரியாதைக்குரிய அம்மையாருக்கு,

முன்பின் அறியாத நான் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளவும். தங்கள் தேக சுகத்துக்கு ஆண்டவனைப் பிரார்த்திக்கிறேன்.

எங்கள் அரசிலை விடுதியின் பலகை எழுத்துகள் தங்கள் கைவேலை என்று பலகை எழுதிய ஸ்டானிஸ்லாஸ் மூலம் அறிந்து மிகவும் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு லட்சணமான எழுத்து! இருபத்தேழாம் தேதி ஞாயிறு அன்று எங்கள் சங்கத்து விருந்து அங்கேதான். அன்று எங்கள் குடும்பங்களின் பூர்வீகத்தை வாசிப்பது வழக்கம். சிரஞ்சீவி பரசுராமனிடம் கேட்டால் அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுகிறான். கூச்ச சுபாவம்.

தாங்கள் அவனுக்கு என்ன உறவு, தங்கள் பூர்வீக ஊர் எது, எந்தக் கோயிலில் தங்களுக்கு மரியாதை, எந்தெந்தக் குடும்பங்களில் சம்பந்தம் என்பதைத் தெரிவித்தால் உபகாரமாக இருக்கும். சமூகத்துப் பெண்மணி ஒருவர் அந்தப் பள்ளிக்கூடத்தில் எப்படி வேலைக்குப் போனீர்கள் என்று அறியவும் ஆவல்.

அவசரம் என்று நினைக்க வேண்டாம். நான் நிதானமாகக் காத்திருப்பவன்.

இப்படிக்கு
சுப்பராய முதலியார்

*

மாரிக்குப்பம்
1933 ஆகஸ்டு 21

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். தாங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

திரு. பரசுராமன் எனக்கு உறவினர் அல்ல. என் எழுத்துப் படங்களைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, தமது கடைக்கு எழுத்து வரைந்து தரும்படி தபாலில் கேட்டார். வரைந்து அனுப்பினேன். அது சம்பந்தமாகச் சில கடிதங்கள் எழுதியிருக்கிறேன். அவருடைய பூர்வீகம் எனக்குத் தெரியாது. அவரை நான் நேரில் பார்த்ததும் இல்லை.

எழுத்துகளைப் பாராட்டியதற்கு நன்றி.

பவுனம்மாள்

*

டோல்கேட்
1933 ஆகஸ்டு 21

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. நீ நலமாகத்தான் இருக்க வேண்டும்.

சுப்பராயர் உனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாராம். இன்று காலையில்தான் சொன்னார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், “அந்த மாரிக்குப்பம் அம்மா உனுக்கு யாருப்பா?” என்று கேட்டார். அவரோடு நாலு பேர் இருந்தார்கள். யாரோ தெரியாதவர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “கூடப் பொறந்த அக்கா” என்று வந்துவிட்டது. என்னால் மாற்ற முடியவில்லை. மேல் வரியில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொண்டேன். உன்னை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

“அக்காவா! சொல்லவே இல்லியே” என்று சிரித்தார். பிறகு காபியைக் குடித்தார்.

பூர்வீகம் காஞ்சிபுரம் பக்கம் என்று சொல்லியிருக்கிறேன். சின்ன வயதிலேயே அப்பா அம்மா போய்விட்டார்கள், நீதான் வளர்த்தாய் என்றும் சொன்னேன். அது மட்டும் பொய் இல்லை. நீயும் அப்படியே எழுதிவிடு. வேறு எதை எழுதினாலும் சமாளிக்கலாம், என்னைத் தெரியாது என்று மட்டும் எழுதிவிடாதே. நீ அப்படி எழுதக்கூடியவள். அதனால்தான் இந்தத் தபாலைப் பிடிக்க ஓடுகிறேன்.

பரசு

*

மாரிக்குப்பம்
1933 ஆகஸ்டு 23, காலை

அன்புள்ள பரசு,

எழுதிவிட்டேன். நீ ஓடிப் பிடித்த அதே நாள் தபாலில்.

உன் கடிதமும் என் கடிதமும் ஜோலார்பேட்டைப் பக்கம் எங்கோ ஒன்றையொன்று கடந்து போயிருக்கும். நான் உன்னைக் காப்பாற்ற உன்னைத் தெரியாது என்றேன். நீ என்னை விட்டுக்கொடுக்க முடியாமல் அக்கா என்றாய். ஒருவர் மட்டும் பேசியிருந்தால் சுப்பராயர் நம்பியிருப்பார். இப்போது இரண்டும் அவர் கையில் இருக்கின்றன. அவர் முட்டாள் இல்லை என்பதை அவர் கடிதமே சொல்கிறது.

தாயம்மாவையும் சிவந்தியையும் உடனே கடையிலிருந்து வேறு எங்காவது அனுப்பு. விருந்து வேண்டாம். காரணம் ஏதும் சொல்லாதே. இனி நாம் சொல்லும் எதுவும் உதவாது.

இன்று மாலை வண்டியில் புறப்படுகிறேன். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாமல் உனக்கு எதையும் சொல்லிப் பழக்கமில்லை.

அந்தக் காகிதத்தில் நான் எழுதியது பொய் என்று அவர் முகத்துக்கு நேராக நான்தான் சொல்ல வேண்டும். உன் கடைக்கு வந்து, பலகைக்கு நேர் கீழே இருக்கும் வாசல் பெஞ்சில் உட்காருவேன். என்னை அக்கா என்று கூப்பிடு. உரக்கக் கூப்பிடு.

சிவந்திக்கு ஸ்லேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

அக்கா

*

ராயபுரம்
1933 ஆகஸ்டு 23, சாயங்காலம்

பவுனம்மாள் அம்மாவுக்கு ஸ்டானிஸ்லாஸ் எழுதுவது. தாயம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை.

அண்ணி, நல்லாகீறோம்னு எழ்துன்னுதான் அவரு சொன்னாரு. நல்லா இல்ல அண்ணி. நானும் சிவந்தியும் ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் வூட்ல கீறோம். உங்க தம்பிதான் கடை பின்பக்கமா தள்ளி வுட்டாரு.

மத்தியானம் சுப்பராயரு ஆளுங்கள இட்டுகினு வந்தாரு. சத்தம் கித்தம் ஒண்ணும் இல்ல. வரிசயா குந்தினாங்க. எல போட்டோம். சோறு, கொயம்பு, பொரியலு அல்லாம் வெச்சோம். ஒருத்தரும் கை வெக்கல. சுப்பராயரு உங்க காயிதத்த எட்த்து நெதானமா படிச்சாரு. “அக்கா சொல்றாங்க, உன்ன பாத்ததே இல்லியாம். நீ சொல்ற, அக்காதான் வளத்தாங்கன்னு. ரெண்டுல எந்த வூட்டு சோறுப்பா இது?”ன்னாரு. அப்பால எலய மூடினாரு அண்ணி. நம்ம பக்கமா இல்ல, எதிர்ப்பக்கமா. சாவு வூட்ல மூடுவாங்களே, அப்டி. தின்னாத சோத்து மேல. அத்தினி பேரும் அதே மாரி மூடினாங்க.

இவரு இன்னும் கடையிலதான் கீறாரு. வெளிய வுட மாட்டேன்றாங்க. அடிக்கல, திட்டல. பெஞ்சில குந்திகினு கீறாங்க, அவ்ளோதான். அவங்க பேசினா கூட தேவல.

இது ஸ்டானிஸ்லாஸ் சொல்வது அம்மா. என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேல் வரியைச் சுரண்டிவிட்டு, உங்கள் சாதியின் பேரை அங்கே எழுத வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமைக்குள். அதே எழுத்தில். லட்சணமாக இருக்க வேண்டும் என்றார் சுப்பராயர். அந்தப் பேருக்கு வேண்டிய எழுத்து என்னிடம் இல்லை, அதை வரைந்த அம்மாதான் வரைய முடியும் என்று சொல்லித் தப்பித்தேன். தப்பிக்கவில்லை என்று அப்புறம்தான் உறைத்தது. “அப்போ அவங்களயே வரவெச்சிடலாம். நான் காத்துகினு இருக்கறேன்” என்றார். நீங்கள் வரைந்து அனுப்பி, நான் ஊசித்துளை போட்ட காகிதங்களை எல்லாம் வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

தாயம்மா மறுபடி சொல்கிறாள்.

அண்ணி, யாரு கூப்ட்டாலும், இன்னா காயிதம் வந்தாலும் கெளம்பாதீங்க. இவரு பேரு போட்டு வந்தா கூட கெளம்பாதீங்க. இருமலுக்கு வெந்நி குடிங்க. இது கைக்கு கெட்ச்சதும் ரெண்டு வரி போடுங்க அண்ணி. வேற ஒண்ணும் வேணா. அங்கதான் கீறேன்னு, அத்த மட்டும் எழ்துங்க.